வாலில் கட்டிய எலுமிச்சம்பழம்

போன வாரம் பார்சலில் ஒரு விமானம் வந்தது. ரிமோட்டில் பறக்கும் மாடல், தெர்மாகோல் மாதிரி வெள்ளை உடம்பு. வெளியே எடுத்ததும் என் கை தானாக இறக்கையைத் தட்டிப் பார்த்தது. "அது என்ன பலாப்பழமா, தட்டிப் பாக்குறீங்க?" என்றாள் மனைவி. ஒரு மூட்டில் பசை லேசாக வழிந்திருந்தது. மூக்கை வைத்து முகர்ந்தேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பசை வாசனைக்குச் செல்லூரில் ஒரு மாடி அறை ஞாபகம் வந்துவிட்டது. அப்போது நான் பம்ப்செட் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயர்தான் பெரிது, வேலை என்னவோ குறை கண்டுபிடித்து ஒதுக்குவது. அதற்குப் பிறவியிலேயே எனக்குத் தகுதி இருந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அப்பளத்தின் ஓரம் வளைந்திருப்பதுதான் முதலில் கண்ணில் படும். "உன்னயக் கட்டிக்கப்போற புள்ள பாவம் மாப்ள" என்பான் குபேந்திரன்.

குபேந்திரன் கூடப் படித்தவன், சௌராஷ்டிரா வீட்டுப் பையன். அவன் அப்பா விசைத்தறி வைத்திருந்தார். பெங்களூரில் ட்ரோன் செய்கிற கம்பெனி ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அப்பா விடவில்லை. பல நாள் சண்டைக்குப் பிறகு ஒரு வழிக்கு வந்தார். "நீ செஞ்ச ஒண்ணு என் கண்ணு முன்னாடி பறக்கட்டும், போயிட்டு வா. பறக்கலேன்னா பேசாம தறியப் பாரு."

அப்படித்தான் நாமே ஒட்டிச் சேர்க்கிற ஒரு விமானக் கிட் அவன் வீட்டு மாடி அறைக்கு வந்தது. பால்சா என்று ஒரு மரம், கையில் வைத்தால் முறுக்கு அளவுக்குக்கூடக் கனக்காது. அதைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். தரம் பார்க்கும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு துண்டையும் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, கண்ணாடி மேசையில் கிடத்தி, இது வளைந்திருக்கிறது, அது பிசிறடிக்கிறது என்று ஒதுக்கிக்கொண்டே போனேன். குபேந்திரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "இம்புட்டு நொட்ட சொன்னா அம்புட்டையும் தூரப் போட்டுட்டு நாம ரெண்டு பேரும் றெக்கையாட்டம் கைய அடிச்சுக்கிட்டுத்தான் பறக்கணும்."

உள்ளுக்குள் எனக்கு அவன் போவதில் துளியும் இஷ்டமில்லை. வேலை முடிந்தால் பரோட்டாக் கடைக்கு யாரோடு போவது?

ஆனாலும் விமானம் நன்றாகவே உருவானது. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் முன்னும் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும், அதுதான் கடைசிப் பரிசோதனை. நின்றது. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருளைப் பார்த்து "ஓகே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு பொட்டலுக்குப் போனோம். அவன் அப்பா சும்மா வரவில்லை. சந்தனம், குங்குமம், கயிற்றில் கோத்த எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புது வண்டியைப் பழமில்லாமல் கிளப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. குபேந்திரன் ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தான். அப்பா பழத்தை விமானத்தின் மூக்கில் கட்டப்போனார். நான் விடுவேனா?

"அங்க வேணாம்ப்பா, விசிறி சுத்துறப்ப கயிறு சிக்கிக்கிரும். வால்ல கட்டுங்க."

இன்ஸ்பெக்டர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று அவரும் கட்டிவிட்டார்.

விமானம் ஓடியது, எழும்பியது. எழும்புவது நிற்கவே இல்லை. வால் கனத்தில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, யானைமலையைத் தாண்டப்போவது போல் செங்குத்தாக ஏறியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் பொத்தென்று விழுந்தது. இறக்கை இரண்டு துண்டு. பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்பா அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, குபேந்திரன் தலை குனிந்ததில் புரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ எதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிற ஆளு. நீயே சொல்லு. இது பறந்துச்சா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பரோட்டாக் கடை, மாடி அறை, அவன் எல்லாமே அப்படியே இருக்கும். குபேந்திரன் என்னைப் பார்க்கவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சட்டை மடியில் போட்டுக்கொண்டிருந்தான். நான் வளைந்திருக்கிறது என்று ஒதுக்கிய துண்டுகளைக்கூட அவன் இழைத்து இழைத்து நேராக்கிச் சேர்த்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"பறந்துச்சுப்பா. இறங்கத்தான் தெரியல."

அப்பா குனிந்து பழத்தைக் கையில் எடுத்தார். "சரி விடு. எறங்குறத அங்கன போயி கத்துக்கட்டும்."

போனான். நன்றாகவே கற்றுக்கொண்டான். பிறகு செல்லூர் வீட்டையும் தறிகளையும் விற்றுவிட்டு அப்பாவையும் அங்கேயே கூட்டிப்போய்விட்டான். பரோட்டாக் கடைக்கு நான் தனியாகக் கொஞ்ச நாள் போனேன், அப்புறம் அதுவும் நின்றுபோனது.

இந்தப் புது விமானத்தில், அந்தப் பசையைத் தவிர, நொட்டை சொல்ல ஒன்றுமே இல்லை. தட்டினேன், வளைத்தேன், விரல் கொடுத்துத் தூக்கினேன். ஒரு பட்டனை அழுத்தினால் கிளம்பின இடத்துக்கே தானாகத் திரும்பி வந்துவிடுமாம். குபேந்திரனுக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன். "வாலுல பழம் கட்டிட்டியாடா?" என்று சிரித்தான். பிறகு, "எங்க வச்சு பறக்கவிடப் போற? நம்ம பொட்டல் இருக்குல்ல?" என்றான்.

நேற்றுத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"இல்ல மாப்ள. பூரா வீடு கட்டிட்டாங்க."