எட்டாவது வியாழன்

இன்னைக்கு விவேக் நகர் சர்ச் வாசல்ல குழம்பி நின்னேன். ஒன்பது வியாழக்கிழமை வர்றதா வேண்டுதல். இது ஏழாவதா எட்டாவதான்னு மறந்துபோச்சு.

வழக்கமா நான் மெழுகுவத்தி வாங்குற கடைக்கார அக்காவைக் கேட்டேன். அவங்களுக்கு என் முகமே ஞாபகமில்ல.

பக்கத்துக் கடையில புர்கா போட்ட ஒரு அம்மாவும் மெழுகுவத்திதான் விக்கிறாங்க. இவங்களுக்கு நம்ம வேண்டுதல் பத்தி என்ன தெரியும்னு அவங்ககிட்ட நான் வாங்கினதே இல்ல.

அவங்கதான் சொன்னாங்க: "எட்டாவதும்மா. முதல் வாரம் மழையில நனைஞ்சுட்டு வந்தே. நாலாவது வாரம் அழுதுட்டே போனே. அன்னையிலேருந்து நானும் உனக்காக துவா கேக்குறேன்."

எட்டு வாரமும் நான் அவங்க கடையைத் தாண்டிப் போனதையும் சேர்த்துத்தானே எண்ணியிருப்பாங்க?

அடுத்த வியாழன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்ககிட்ட மெழுகுவத்தி கேக்குறது, சொல்லுங்க.