மூக்கு சாரின் உயரமான கிளாஸ்

என் வீட்டுக்காரருக்குப் பெரிய ஓட்டல் ஒன்றில் ஒயின் பிரிவில் வேலை. பரிமாறுகிறவர் என்று சொன்னால் கோபம் வரும். பாட்டிலைத் திறந்து, மோந்து, நல்லதா கெட்டதா என்று சொல்பவர். அங்கே அவருக்குப் பெயரே 'மூக்கு சார்'. பத்தொன்பது வருஷமாக அந்த மூக்குதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

கிளாஸ் விஷயத்தில் படு கறார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "விளிம்பு மெல்லிசா இருக்கணும், வயிறு அகலமா இருக்கணும், வாய் கொஞ்சம் குறுகணும். அதுக்கு மேல கொடுக்கற காசெல்லாம் வெறும் பேருக்குத்தான்." கல்யாண நாளுக்கு என் தம்பி விலையுயர்ந்த கிளாஸ் ஒன்றை வாங்கி வந்தபோது, அதில் பல் விளக்கும் பிரஷ்ஷைப் போட்டு வைத்தாரே மனுஷன்! தம்பி ஆறு மாதம் பேசவில்லை.

அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே ஒரே ஒரு கிளாஸ். கையால் ஊதிச் செய்ததாம். விலையைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை.

"என்னங்க இது, நீங்களா வாங்கினீங்க?"

"பழசுல மணம் நிக்க மாட்டேங்குது."

அடுத்த வாரம் அதைவிட உயரமாக, அதைவிட விலையாக இன்னொன்று. பழையதையும் சேர்த்து மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு, குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றினார். ஊற்றுவார், சுழற்றுவார், மோந்து பார்ப்பார், கொட்டுவார். கிளாஸ் துடைக்கிற துணியில் சோப்பு வாசனை இருக்கும், அதுதான் மணத்தைக் கெடுக்கிறது என்று என்மேல் எரிந்து விழுவார். "கிளாஸையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க" என்று நானும் ஒருநாள் கத்திவிட்டேன்.

நான் வீட்டிலிருந்தபடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போனில் பேசுகிறவள். நேற்று ஒருத்தரிடம் பேசிக்கொண்டிருந்தபோது கதவிடுக்கில் தீய்ந்த வாடை வந்தது. ஓடினேன். அடுப்பில் பால் வற்றி, பாத்திரம் கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி, அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி, இவர் கிளாஸுக்குள் மூக்கை விட்டு உட்கார்ந்திருந்தார்.

திட்ட வாயைத் திறந்தேன், திட்டவில்லை. அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதம் முன்பு காய்ச்சலில் பத்து நாள் கிடந்தார். அதற்குப் பிறகுதான் இந்தக் கிளாஸ் பைத்தியம்.

இன்று மதியம் புது பாட்டில் ஒன்றைத் திறந்துவிட்டு அவரே கூப்பிட்டார். "மூணுலயும் இதை ஊத்து. நான் கண்ணை மூடிக்கறேன். எது நல்ல கிளாஸ்னு தெரிஞ்சே ஆகணும். சனிக்கிழமை முதலாளியோட விருந்தாளிங்க முன்னாடி பன்னெண்டு பாட்டிலை மோந்து சொல்லணும்."

முதல் இரண்டில் ஒயின் ஊற்றினேன். உயரமானதில் குழாய்த் தண்ணீர். கேட்டால் வாயைத் திறக்கிற ஆளா இவர்?

பழையதற்கு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதற்கு, "பரவாயில்ல." மூன்றாவதை நெடுநேரம் மோந்தார். முகம் மலர்ந்தது.

"இதுதான்! மணம் அள்ளுது. கொடுத்த விலை வீண் போகல."

கண்ணைத் திறந்து கையிலிருந்த தண்ணீரைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து பால் தீஞ்சப்போ. உங்களுக்கு?"

"காய்ச்சல் விட்ட அன்னிக்கே." நாற்காலியில் உட்கார்ந்தார். "கிளாஸ்தான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னும் நல்லதா வாங்கினா வந்துடும்னு..."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? டாக்டர்கிட்ட போயிருக்கலாம்ல!" அழுகையும் ஆத்திரமும் எனக்குச் சேர்ந்தே வந்தன.

"சனிக்கிழமை எப்படியாவது சமாளிச்சுடுவேன். அப்புறம் போலாம்." பழைய கிளாஸையும் இரண்டாவதையும் என் பக்கம் நகர்த்தினார். "நீ மோந்து பாரு. உண்மையைச் சொல்லு, வித்தியாசம் இருக்கா?"

நான் அதுவரை ஒயினை மோந்ததே இல்லை. "நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வருதுங்க. ரெண்டும் ஒண்ணுதான். விலை கூடினதுல நாத்தம் கொஞ்சம் தூக்கல்."

"அட்டைப்பெட்டியா? நல்லா பாத்துச் சொல்லு."

"மழையில ஊறின அட்டைப்பெட்டி. இதைப் போய் எப்படிக் குடிக்கிறாங்க?"

"குடிக்க மாட்டாங்க. அது கெட்டுப்போன பாட்டில்." பாட்டிலைத் தள்ளி வைத்தார். "ரெண்டு மாசத்துல இப்படி எத்தனையை நல்லதுன்னு சொல்லிக் கொடுத்தேனோ."

பிறகு முதலாளிக்குப் போன் போட்டார்.

"சார், சனிக்கிழமைக்கு வேற ஆளைப் பாருங்க. எனக்கு வாசனை தெரியல சார். ரெண்டு மாசமா."

போனை வைத்தார். நாக்கு வறண்டிருக்க வேண்டும். உயரமான கிளாஸை எடுத்து, அந்தக் குழாய்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.