குழந்தைவேல் அண்ணனின் பின்னறை

குழந்தைவேல் அண்ணன் தவறிவிட்டார் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு பிஸ்கட் கம்பனி ரெப். நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. எதிர்க்கடை திறக்காது, இந்தக் கிழமை சனமெல்லாம் உங்களிடம்தான் வரும், நாலு பெட்டி கூடப் போடட்டுமா என்று அதே மூச்சில் கேட்டார். சரக்குத் தள்ளுவதற்காக ஒரு மனிதரைச் சாகடிக்கக்கூட இவர்கள் கூசமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு, காசு லாச்சியைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே வாசலுக்கு வந்து பார்த்தேன். எதிரே அண்ணனின் கடைக்கு முன்னால், துணிக்கடை ரஸீன் நானா ஏணியில் ஏறித் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சுவலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும், விடிவதற்குள் உயிர் போய்விட்டதாகவும் அவர் சொன்னார். அதன் பிறகுதான் நம்பினேன். ரெப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, சீனி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலர் அண்ணனை நன்றாக அறிந்தவர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ள எங்கள் சிறிய கடைவீதியில் அவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அதற்கு நேரெதிரே என்னுடைய பலசரக்குக் கடை. என் கணவர் மொனராகலை பஸ் ஓட்டுகிறார். கடை என் பொறுப்பு. தோட்டத்துச் சனம் சம்பளத்தோடு இறங்கி வந்தால் ஒன்று அவர் பக்கம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் என் பக்கம். இப்படி இருக்கும்போது எங்களுக்குள் என்ன பாசம் இருந்திருக்க முடியும்? அவர் தொடங்கி, கடைசிவரை செயலாளராக இருந்து நடத்திய சில்லறைக் கடைக்காரர் சங்கத்தில் நான் சேர்ந்ததும் பாசத்தினால் அல்ல.

அவர் என்னைச் சேர்க்க வந்த நாள் நினைவிருக்கிறது. காலை வியாபாரம் ஓய்ந்த நேரம். சங்கத்தில் சேர்ந்தால் பல நன்மைகள் உண்டு என்று தொடங்கினார். ஒன்றாகச் சரக்கு எடுக்கலாம், பிரதேச சபையில் ஒரே குரலாகப் பேசலாம், விலை பற்றியும் தராசு பற்றியும் புதுச் சட்டம் வந்தால் விஷயம் தெரிந்தவர்களை அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்றார். நான் பருப்பு நிறுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக்காரன் என் நன்மைக்காக வீதியைக் கடந்து வருகிறான் என்றால் எங்கள் வீட்டுப் பூனைகூட நம்பாது. எனக்கு என்ன கிடைக்கும் என்பது இருக்கட்டும் அண்ணே, உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டேன்.

"உங்க பின்னறை ஸ்டோருக்குள்ள வந்து பாக்கலாம், தங்கச்சி. எனக்கு அதான் கிடைக்கும்," என்றார். "நீங்களும் என் ஸ்டோரைப் பாக்கலாம். ஒருத்தரையொருத்தர் நம்புறவங்களுக்கு என்னாத்துக்குச் சங்கம்? நம்பாதவங்களுக்குத்தான் வேணும்."

இப்படி ஒளிக்காமல் சொன்னது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. மனதில் இருப்பதை இவ்வளவு லேசாகச் சொல்கிறவர் இதற்குக் கீழே வேறு என்ன வைத்திருக்கிறாரோ என்று யோசித்தேன். ஆனால் அவருடைய பின்னறையைப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது. அந்த மாதமே சேர்ந்தேன்.

மற்ற ஊர்ச் சங்கங்கள் கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ கூடும். நம் சங்கம் பௌர்ணமி விடுமுறையான போயா நாள் மாலையில் கூடியது, மாதம் ஒரு கடையாக. யாருடைய முறையோ அவர் தன் பின்னறையைத் திறந்துவிட வேண்டும். தேநீர் குடித்து முடித்ததும் எல்லோரும் உள்ளே போய் மூட்டையைத் தட்டிப் பார்க்கலாம், பெட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். இந்த விதியைப் போட்டவர் அண்ணன். நான் போன முதல் கூட்டம் சோமபால முதலாளியின் பேக்கரியில் நடந்தது. முதலாளி பிரதேச சபைக்கு எழுதிய மனுவை வாசித்துக்கொண்டிருக்க, ஆட்களின் கண் எல்லாம் கதவிடுக்கில் தெரிந்த மா மூட்டைகளில் இருந்தது. ரஸீன் நானா தன் முறை வருகிற கிழமையில் புதுச் சேலைக் கட்டுகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார் என்று ஒரு பேச்சு. அதனால் அவர் கடையில் கூட்டம் என்றால் சிலர் முதலில் அவர் வீட்டுப் பக்கமாக ஒரு நடை போய்விட்டுத்தான் வருவார்கள். சிரிக்காதீர்கள், நீங்களும் அந்தப் பக்கம் போனவர்கள்தான்.

இப்படி எட்டிப் பார்ப்பதால் வந்த பயன் மெல்ல மெல்லத்தான் புரிந்தது. சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது, உங்களுக்காக மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று ஒரு ரெப் என் தலையில் கட்டிவிட்டுப் போன பெட்டிகள் அடுத்த போயாவுக்கு அண்ணனின் பின்னறையிலும் கிடந்தன. அதற்கடுத்த போயாவுக்கு ஹாலிஎலவிலிருந்து வந்து புதிதாகக் கடை போட்ட தம்பியின் பின்னறையிலும் கிடந்தன. அத்தனை பேருக்கும் தனித்தனியாக ஒதுக்கி வைத்த மகராசன் அவர். மறுமுறை அவர் வந்தபோது எந்தக் கடையிலும் ஓடர் கிடைக்கவில்லை. வாயால் கேட்டிருந்தால் ஒருவரும் உண்மையைச் சொல்லியிருக்கமாட்டோம். கண்ணால் பார்த்ததால் தப்பினோம்.

பிறகு எல்லோரும் சேர்ந்து பொலன்னறுவையிலிருந்து லொறியில் அரிசி எடுக்கத் தொடங்கினோம். மூட்டைகளைப் பிரிப்பது அண்ணன். கடைசியில் மிஞ்சுவதை எடுப்பதும் அவர்தான். அது நியாயம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதர் ஒவ்வொரு தடவையும் மிச்சத்தை எடுக்கிறார் என்றால் அந்த மிச்சத்தில் ஏதோ இருக்க வேண்டும். ஒருநாள் என் மூட்டைகளை அவர் எடுக்கட்டும், அவருடையதை எனக்குத் தரட்டும் என்று பிடிவாதமாக நின்றேன். உடனே மாற்றிக் கொடுத்தார். கொண்டுபோய்ப் பிரித்தால் ஒரு மூட்டை முழுவதும் வண்டு. மறுநாள் கடை வாசலில் நான் அரிசி புடைப்பதை எதிரே இருந்து பார்த்துவிட்டு, "சந்தேகப்பட்டது சரிதான் தங்கச்சி, பக்கம்தான் மாறிப் போச்சு," என்றார். ஒரு மாதத்துக்கு அவர் பக்கம் நான் திரும்பவில்லை.

ஆனால் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் நடந்ததை நான் சொல்லாமல் விட முடியாது. நான் பால்மாவைப் பதுக்கி வைத்து பதுளைக்குக் கூடின விலைக்கு அனுப்புகிறேன் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒருநாள் காலையில் கடை வாசலில் சனம் கூடிவிட்டது. முன்னால் கைக்குழந்தைகளோடு தாய்மார், பின்னால் கையில் கல்லோடு சில இளைஞர்கள். என் கணவர் பஸ்ஸில். நான் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நின்றேன். அந்தக் கடை போனால் எங்களுக்கு வேறொன்றும் இல்லை. அப்போது அண்ணன் வீதியைக் கடந்து வருவது தெரிந்தது. இவர்தான் கிளப்பிவிட்டிருக்கிறார், வேடிக்கை பார்க்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே வந்து என் கடைப் படியில் ஏறி நின்றார். இந்தப் பெண் நல்லவள், அப்படிச் செய்யமாட்டாள் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"நானும் இவங்களை நம்பல. எதிர்க்கடைக்காரன், நான் நம்புவேனா?" என்றார் சனத்திடம். "உங்கள்ல ரெண்டு பேர் வாங்க. நானும் வர்றேன். ஒவ்வொரு பெட்டியா தூக்கிப் பாப்போம். பால்மா இருந்தா நானே எடுத்து உங்களுக்குப் பங்கு வைக்கிறேன்."

தோட்டத்துப் பெண்கள் இருவர் வந்தார்கள். சோமபால முதலாளியும் கூட வந்தார். என் பின்னறையில் ஒரு பெட்டி விடாமல் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. போன போயாவுக்கும் நாங்கள் எல்லோரும் இங்கே பார்த்தோம், அப்போதும் இல்லை என்று அண்ணன் தமிழிலும் முதலாளி சிங்களத்திலும் சொன்னார்கள். கல் கீழே விழுந்தது, சனம் கலைந்தது. என் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்து சத்தியம் செய்திருந்தாலும் அன்று எடுபட்டிருக்காது. என் வியாபாரம் படுத்தால் லாபம் அடையக்கூடிய ஒருவர் சொன்னதால்தான் எடுபட்டது. சங்கத்தில் சேர்ந்தால் என்ன பயன் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கதையைக் கிளப்பியது நீங்கள்தானா என்று அவரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சந்தேகம் இருந்தால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், கூட்டத்தில் வந்து கேளுங்கள் என்றார். கேட்டேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தான் இல்லை என்று பதில் சொன்னார். யார் என்று இன்றுவரை தெரியாது. அவர் இல்லை என்று முக்கால்வாசி நம்புகிறேன்.

பசறையில் புதிதாகப் பெரிய சுப்பர்மார்க்கெட் திறந்த பிறகு நம் எல்லோருக்கும் வியாபாரம் குறைந்தது. அண்ணனின் கடையில் மட்டும் சரக்குத் தட்டுகள் நிறைந்தபடியே இருந்தன. சங்கத்தில் சேரத் தயங்கிய புதியவர்களை அவர் தன் கடைக்கு அழைத்துப்போய்க் காட்டுவார். ஒன்றாக நின்றால் தாக்குப்பிடிக்கலாம், பாருங்கள் என்பார். அதைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் பலர்.

போன போயாவுக்கு அவருடைய கடையில்தான் கூட்டம் நடக்க வேண்டிய முறை. அவர் இல்லை. அண்ணி, அவருடைய மனைவி, முறையை மாற்ற வேண்டாம் என்று சொல்லித் தேநீர் வைத்திருந்தார். அண்ணனைப் பற்றி எல்லோரும் பேசினோம். கடைசியில் ரஸீன் நானா எழுந்து, மறைந்தவருக்கு மரியாதையாக இந்த ஒரு தடவை பின்னறையைத் திறக்க வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விதி போட்டவருக்கே விதிவிலக்கு என்றால் அடுத்த மாதம் எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொல்வோம், பிறகு சங்கத்தில் தேநீர் மட்டும்தான் மிஞ்சும் என்றேன். செத்த மனிதரைக்கூட விடமாட்டாயா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் உட்காரவில்லை. அண்ணி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

உள்ளே கூரைவரை பெட்டிகள் அடுக்கியிருந்தன. பார்த்ததும் எல்லோருக்கும் மனம் ஆறியது. நான் முன்வரிசையில் ஒரு பெட்டியைப் பிடித்துத் தூக்கினேன். பாரம் இருக்கும் என்று பலம் கொடுத்துத் தூக்கியதால் பின்னால் விழப் பார்த்தேன். பெட்டி காலி. அடுத்ததும் காலி. வாய் பிரியாமல் டேப் ஒட்டி, எழுத்துப் பக்கம் முன்னால் தெரிய, அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்த எல்லாமே வெறும் பெட்டிகள். கடையில் இருந்த சரக்கு வெளியே தட்டுகளில் தெரிந்தது மட்டும்தான்.

அண்ணி கதவருகே நின்று சொன்னார்: "சங்கத்துல சொல்லுங்க, சொல்லுங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். செக்ரட்டரி கடையே படுத்துருச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் சங்கத்துல சேருவான்னு கேட்டாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம் எல்லோருடைய மூட்டையையும் தட்டிப் பார்த்த மனிதர் நம்மை ஏமாற்றிவிட்டார். ஆனால் எப்படி ஏமாற்ற முடிந்தது என்று பிறகு யோசித்தேன். போன வருஷம் அவர் முறை வந்தபோது பின்னறையைத் திறந்துதான் விட்டார். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு, அண்ணனின் பெட்டியைப் போய்த் தூக்குவதா என்று திரும்பி வந்துவிட்டோம். பூனையைக்கூட நம்பாத நானும்தான். அவரை நம்பத் தொடங்கிவிட்டோம். அன்று யாராவது ஒருவர் ஒரு பெட்டியைத் தொட்டிருந்தால் போதும். லொறியில் வந்த அரிசியில் அவருக்குக் கூடப் பங்கு விட்டிருப்போம், ஏதாவது வழி பார்த்திருப்போம். அந்த மனிதர் ஒரு வருஷமாக அந்த வெறும் பெட்டிகளோடு தனியாக இருந்திருக்கமாட்டார்.

இப்போது அண்ணி தன் பெயரில் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார். இந்தத் தடவை வந்த லொறி முதலில் அவர் கடை வாசலில் நின்றது. சோமபால முதலாளி காலையில் சுடும் பாணில் ஒரு பங்கை அங்கே இறக்குகிறார். எதிர்க்கடை திறந்திருக்கிறது, என் வியாபாரத்தில் பாதி அங்கே போகிறது, போகட்டும்.

குழந்தைவேல் அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அவருடைய சந்தேகத்தை. அதை நம் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். வருகிற போயாவுக்கு என் கடை முறை. என் பின்னறையிலும் பெட்டிகள் கூரைவரை அடுக்கித்தான் இருக்கின்றன. என்னை நல்லவள் என்று நினைத்து வாசலோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே வந்து தூக்கிப் பாருங்கள்.