அக்கா சொல்லாத சம்பளம்

எங்கள் சர்ச்சில் அறுவடைக் காணிக்கைகளை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் மாமியார் நாலாயிரம் ரூபாய்க்கு எடுத்த மஞ்சள் பூசணி, எங்கள் பேச்சில் மத்தங்காய், அடுக்களை மூலையில் வெகுநாள் கிடந்தது. சபைக்குப் போகும் காசு என்பதால் அந்த ஏலத்தில் யாரும் பொருளின் விலையைப் பார்ப்பதில்லை. பாறசாலைப் பக்கத்துச் சபைகளில் அதுதான் வழக்கம், அதில் எனக்கும் குறையில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், என் மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு ஐயாயிரமே தாராளம், கூடக் கொடுத்து ஊரைக் கெடுக்காதே என்று மாமியார் எனக்கு மறுபடியும் புத்தி சொல்லியிருந்தார். அந்தக் காயைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

அக்கா குளத்தூர்க்காரர், எங்கள் சபைதான். பிரசவ விடுப்பு முடிந்து நான் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறத் தொடங்கியபோது, பிள்ளையைப் பார்க்க வந்தவர். மாமியாருக்கு முழங்காலில் முட்டுவலி, கணவர் வளைகுடாவில். அக்கா வராவிட்டால் என் வேலை இல்லை. அதனால் சம்பளத்தை நியாயமாக முடிவு செய்துவிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டேன்.

"நம்ம சபைக்காரங்களுக்குள்ள என்ன கணக்கு மக்கா? நீ பாத்து தந்தா மதி, அது போதும்."

எதைப் பார்த்துத் தருவது? அலுவலகத் தோழி ஒரு தொகை சொன்னாள், ஆளனுப்பும் ஏஜென்சி அதைப்போல் இரண்டு மடங்கு கேட்டது, மாமியாரின் ஐயாயிரம் அசையவில்லை. நான் ஏழு கொடுத்தேன். அக்கா உறையைத் திறந்துகூடப் பார்க்காமல் பையில் வைத்தார். ஒரு வருஷம் கழித்து எட்டாக்கினேன். அப்போதும் அதே முகம். மகிழ்ச்சியா, மனக்குறையா, ஒன்றும் பிடிபடாது. மாதம் பிறந்தால் உறையில் எவ்வளவு வைப்பது என்று மறுபடி கணக்குப் போடுவேன். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மனதுக்குள் அக்காவைத் திட்டியிருக்கிறேன். மாலையில் நான் வரும்போது பிள்ளை குளித்து, வயிறு நிறைந்து, அக்காவின் தோளில் கிடக்கும். என்னிடம் வரமாட்டேன் என்று அழும். திட்டியதெல்லாம் அப்போது மறந்துபோகும்.

பண்டிகை முடிந்து சில நாளில், புறப்படும்போது அக்கா வாசலில் நின்றார்.

"அடுத்த மாசம் நான் வரல்ல மக்கா. நெய்யாற்றின்கரையில ஒரு டாக்டர் வீட்டுல பிள்ளைய பாக்க கூப்பிடுதாவ. பன்னிரண்டாயிரம். மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கெட்டணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நானும் தந்திருப்பேனே அக்கா. எத்தன மட்டம் கேட்டேன்?"

"நீ கேட்ட மக்கா. எத்தற வேணும்னு கேட்ட. ஒரே பெஞ்சுல இருந்து ஜெபிக்குதவகிட்ட, இத்தற தான்னு நான் எப்பிடி வாய் தொறப்பேன்? டாக்டர் வீட்டுல ஒண்ணும் கேக்கல்ல. இத்தற தருவோம்னு சொன்னாவ. நான் சரின்னேன்."

பதிமூன்று தருகிறேன் என்றேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று குடையை விரித்துக்கொண்டு போனார். மரியாதை என்று நினைத்துத்தான் அவரையே சொல்லச் சொன்னேன். அது அவருக்கு எத்தனை பெரிய சங்கடம் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

இப்போது வருகிறவள் வாசல் கேட்டருகில் நின்றே தொகை, பஸ் காசு, விடுமுறை எல்லாம் பேசி முடித்தாள். ஒரு தொந்தரவும் இல்லை. பிள்ளைதான் பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்கு ஓடுகிறது.

போன ஞாயிறு ஆராதனையில் மகள் என் மடியிலிருந்து இறங்கி, பெஞ்சோரத்தில் இருந்த அக்காவிடம் போய் அப்படியே தூங்கிவிட்டாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். மாமியார் என் காதருகே குனிந்தார்.

"இத்தற பாசம் வச்சவ, காசு கேட்டு போயிட்டா பாத்தியா."

அக்கா காசு கேட்கவே இல்லை என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.