பருத்திப்பட்டில் ஐந்தடி வாசக்கால்

கலியமூர்த்தி ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் செக்கராக இருந்தவர். ஒரு நூல் பிசகியிருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். "அவரு கண்ணுக்குள்ளயே ஸ்கேல் வச்சிருக்காருப்பா" என்று ஒர்க்ஷாப்பில் கேலி பேசுவார்கள். அந்த மனிதர்தான் சொந்த வீட்டில் முழுசாக இரண்டடியைக் கோட்டைவிட்டார்.

பருத்திப்பட்டு ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய மனை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் இங்கே வீடு நிற்கவேண்டும். அவருக்கும் மனைவி பத்மாவுக்கும் வேறு போக்கிடம் இல்லை. பேஸ்மென்ட் மூன்றடி எழும்பியிருந்தபோது மேஸ்திரி கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நைனா, இன்னும் ரெண்டடி ஏத்திக்கினா நல்லது. ஏரி பக்கத்துலயே கீது. நாளைக்கு ரோடு போட்டான்னா ஊடு பள்ளத்துல பூடும்."

"எத்தனை நாளாகும்?"

"மண்ணு ரொப்பி, தண்ணி உட்டு, குத்தி... எட்டு நாளு குடு."

எட்டு நாள் இல்லை. நாளை மறுநாள் புதன்கிழமை, வைகாசியின் கடைசி முகூர்த்தம். விட்டால் ஆனி, ஆடி இரண்டிலும் யாரும் வாசக்கால் வைக்கமாட்டார்கள். வேலை ஆவணிவரை படுத்துவிடும்.

"மூணடி போதும்யா. மண் ரோடுதானே" என்றார் கலியமூர்த்தி.

புதன் காலையில் வாசக்காலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் ஒரு பொட்டுத் தங்கமும் போட்டு நிறுத்தினார்கள். வாசக்கால் நின்ற மட்டம்தான் வீட்டுத் தரையின் மட்டம். அது அன்றோடு முடிவாகிவிட்டது.

சுவர் எழும்பியது. கூரையும் போட்டாயிற்று. அதற்குள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணை மேலேயே பரப்பி, அதன்மேல் ஜல்லி கொட்டி, அதற்கும் மேல் சிமென்ட் சாலை போட்டார்கள். கலியமூர்த்தி ஞாயிறுதோறும் டேப்போடு வந்து அளந்தார். மூன்றடி ஒன்றரை அடியானது. பிறகு அரை அடி. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, வீட்டுக்குள் முழங்கால்வரை தண்ணீர் பத்து நாள் நின்றது. வடிந்தபோது பூச்சு தோல் உரிந்திருந்தது. மூட்டைகளில் இருந்த சிமென்ட் கல்லாகியிருந்தது.

அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். தை மாதம்வரைதான் குவார்ட்டர்ஸ். அடுத்து வரப்போகிறவரின் மனைவி ஜன்னல்களுக்குத் திரை அளவெடுத்துக்கொண்டும் போய்விட்டாள்.

"உள்ள ரெண்டடி ரொப்பணும்" என்றார் கன்னியப்பன். "அப்போ வாசக்கால பேத்து மேல ஏத்தணும். இல்லன்னா ஏழடி வாசலு அஞ்சடியாப் பூடும். ஆனா ஒண்ணு, பூஜ போட்டு வச்சதுல நான் கடப்பார வைக்கமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோ."

"எவனும் வேணாம், நானே பேத்துக்கறேன்" என்று கலியமூர்த்தி கடப்பாரையைத் தூக்கினார். பத்மா வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"நம்ம ரேணுகாவுக்கு ஆறு வருஷமா தங்காத குழந்தை, இந்த வாசக்கால் நின்ன மாசந்தான் தங்குச்சு. மறந்துட்டீங்களா?"

"இதுக்கும் நம்ம பொண்ணுக்கும் என்னடி சம்பந்தம்? மரக்கட்டைடி இது."

"மரக்கட்டைன்னா அன்னிக்கு எதுக்குப் புதன்கிழமை புதன்கிழமைன்னு பறந்தீங்க?"

அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார்.

இரண்டடி ரொப்பினார்கள். வாசல் ஐந்தடி ஆனது. ஜன்னல்கள் முட்டிக்கு இறங்கின.

"இனிமே உன் ஊட்டுக்கு எவன் வந்தாலும் கும்புட்டுகினுதான் நைனா வரணும்!" என்று கன்னியப்பன் சிரித்தார். கலியமூர்த்தி சிரிக்கவில்லை. அன்றைக்கே இரண்டு முறை நெற்றியை இடித்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது. குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து, மறுநாள் காலை பால் காய்ச்சினார்கள். கன்னியப்பனைத் தவிர யாரையும் கூப்பிடவில்லை. வெளியே பேச்சுக்குரல் கேட்டுக் கலியமூர்த்தி எட்டிப்பார்த்தார். இரண்டு பேர் விளக்குக் கம்பத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இது?"

"புது ரோடு மட்டம் சார். மழைநீர்க் கால்வாய் வருதுல்ல, அதுக்குத் தோதா ஏத்தறோம்."

மட்டம் பார்க்கும் டியூப் கொல்லைப்பக்கம் கிடந்தது. அவர் எடுத்து வந்தார். கேட்காமலே ஒரு முனையைக் கன்னியப்பன் வாங்கிக் கம்பத்துக் கோட்டில் பிடித்தார். மறுமுனையை இவர் வாசலில் பிடித்தார். தண்ணீர் ஆடி, ஆடி, நின்றது. புதிதாக ரொப்பிய தரை அந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது.

"இன்னா நைனா பண்றது?"

கலியமூர்த்தி வாசலை மேலும் கீழும் பார்த்தார். இன்னொரு இரண்டடி ரொப்பினால் மூன்றடி மிஞ்சும். அதற்கு வாசல் என்று பெயர் இல்லை.

"பத்மாகிட்ட சொல்லாத" என்றார்.

"பால் பொங்கிடுச்சு, வாங்க!" உள்ளேயிருந்து பத்மாவின் குரல் வந்தது. "தலை ஜாக்கிரதை!"

டியூபிலிருந்த தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு அவர் குனிந்தார். இந்த முறை இடிக்கவில்லை.