டேஷ்போர்டுல தேங்கா எண்ணெய்

எதிர்வீட்டு மருமக கதைய அப்புறம் சொல்றேன் சரோஜா, மொதல்ல என் மானம் போன கதைய கேளு. எம் புள்ள புதுசா காரு வாங்குனான்ல, ஆயுத பூஜைக்கு நான்தான் தொடைச்சேன். ஸ்டியரிங் பக்கத்துல நீட்டமா ஒரு கருப்புப் பலக, டேஷ்போர்டாம், சாம்பல் பூத்தாப்புல மங்கிக் கெடந்துச்சு. தேங்கா எண்ணெய தடவுனேன் பாரு, அம்மன் செலையாட்டம் மின்னுச்சுடி! எனக்குப் பெருமை தாங்கல.

மறுநாள் வைட்ஃபீல்ட் ஆபீஸுக்குப் போனவன் பாதியில திரும்பி வந்துட்டான். வெயில் அதுல பட்டு, முன்கண்ணாடி பூரா பளபளன்னு ரோடே தெரியலையாம். ஒரு ஸ்கூட்டர்ல இடிக்க இருந்தானாம். காரு கழுவுற மஞ்சுளாவ நிக்க வச்சு, "என்ன பாலிஷ் போட்ட? நாளையிலேர்ந்து வராத"ன்னு கத்துறான்.

நான் பக்கத்துலதான் நிக்கிறேன். வாயே தொறக்கல.

அவ குனிஞ்சு மோந்து பாத்தா. அப்புறம் எண்ணெ வழியிற என் தலையப் பாத்தா. "தப்புதான் சார், எடுத்துடறேன்"னா.

சோப்புத் தண்ணில துணிய முக்கி, ஒட்டப் பிழிஞ்சு, மூணு வாட்டி தொடைச்சா. பழைய மங்கல் வந்துருச்சு. "இது மின்னக் கூடாது பாட்டி, மங்கலா இருந்தாத்தான் ரோடு தெரியும்"னு எனக்கு மட்டும் கேக்குறாப்புல சொல்லிட்டுப் போயிட்டா.

ரெண்டு நாளா அவ வரல. எனக்குச் சோறு எறங்கல. இன்னிக்குக் காலைல புள்ளகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் என்னைய திட்டக்கூட இல்ல, ஒடனே அவளுக்குப் போன் போட்டு வரச் சொன்னான்.

அதோ, பக்கெட்டோட வர்றா. இருடி, இன்னிக்கு அந்தத் துணிய நான் பிழிஞ்சு குடுக்கணும்.