ஓட்டில்லாதவர்களின் தெருவிளக்கு

காலையில் சன்னலைத் திறந்தால் தார் வாசம். எங்கள் தெருவுக்கு மாநகராட்சியிலிருந்து மறுபடி சாலை போட வந்திருக்கிறார்கள். முன்பு போட்டதே நன்றாகத்தான் இருந்தது. குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை தோண்டினார்கள், சாக்கடைக்கு ஒருமுறை தோண்டினார்கள், இப்போது எல்லாவற்றையும் மூடிப் பூசி மெழுகுகிறார்கள். தார் வாசம் வந்தால் பலருக்குத் தலை வலிக்கும். எனக்குப் பசிக்கும். சிரிக்காதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

நானும் மேரியும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் திருப்பூரில் வந்து இறங்கிய காலையில், பஸ் நிலையத்துக்கு வெளியே சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தார் காய்ச்சும் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு தள்ளுவண்டியில் இட்லி. முந்தின நாள் மதியம் சாப்பிட்டதோடு சரி. புகை தொண்டையை அடைத்தாலும், அந்த இட்லியைப் போல ஒன்றை நான் பிறகு தின்றதில்லை. மேரி தட்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “ஏட்டி, இந்த ஊர்ல ரோட்டக்கூட அடுப்புல வச்சுல்லா சமைக்காவ.”

மேரி எனக்கு உறவில்லை. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார்கள், எங்கள் வீட்டில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்குப் போவோம். வித்தியாசம் அவ்வளவுதான். மழையும் இல்லை, தீப்பெட்டி வேலையும் குறைந்துபோனது என்றான வருடத்தில், பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். பொங்கலுக்குத் திரும்பிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

வீரபாண்டிக்கு அப்பால் ஒரு சின்ன ஊராட்சியில் எங்களுக்கு அறை கிடைத்தது. லைன் வீடு என்பார்கள். ஒரே கூரையின் கீழ் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக அறைகள், கடைசியில் பொதுக் கழிப்பறை. எனக்கு செக்கிங் வேலை. தைத்து முடித்த பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று தேட வேண்டும். பகல் முழுக்க குண்டூசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் என் காலடியே தெரியாத பாதையில் வீட்டுக்கு நடப்பேன். பஸ் நிறுத்தத்திலிருந்து லைன் வீடுகள் வரை ஒரு விளக்குக்கூடக் கிடையாது. ஒருபக்கம் சீமைக்கருவேலம் மண்டிய தரிசு, மறுபக்கம் சாயத்தண்ணீர் ஓடும் ஓடை. பகலில் ஓடையின் நிறத்தைப் பார்த்து, இந்த வாரம் வெளிநாட்டுக்காரன் சிவப்புச் சட்டைதான் போடப்போகிறான் என்று மேரி ஜோசியம் சொல்வாள். இருட்டில் ஓடையும் பாதையும் ஒன்றுதான்.

அதனால் யாரும் தனியாகக் கிளம்புவதில்லை. பஸ்ஸில் முதலில் வந்தவள் நிறுத்தத்தில் காத்திருப்பாள். ஆள் சேர்ந்ததும், முன்னால் போகிறவளின் துப்பட்டாவையோ முந்தானையையோ பின்னால் வருகிறவள் பிடித்துக்கொள்ள, சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்போம். சத்தம் போட்டால் பாம்பும் ஒதுங்கும், குடிகாரனும் ஒதுங்கும் என்பது மேரியின் கொள்கை. எதைப் பேசுவோம் என்று கேட்கிறீர்களா? சூப்பர்வைசரைத் திட்டுவதில் ஆரம்பிக்கும். போகப்போக ஊரில் அம்மாவிடம்கூடச் சொல்லாததெல்லாம் வரும். எவளுக்கு யார்மேல் ஆசை, எவள் எதற்காக வீட்டைவிட்டு வந்தாள் எல்லாம் எனக்கு அந்தப் பாதையில்தான் தெரியும். யார் முகமும் தெரியாததால் சொல்ல முடிந்தது. லைன் வீட்டு முதல் பல்பு கண்ணில் பட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

ஒரு ஐப்பசி மழை நாளில் மேரி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து பாதை மாதிரியே கிடந்திருக்கிறது. என் கையில் இருந்த துப்பட்டா வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனது. அவளைத் தூக்கியபோது கணுக்கால் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. “செருப்பு போச்சுட்டி, புதுச் செருப்பு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவள் அண்ணன் வந்து கட்டுப் போட்ட காலோடு ஊருக்கு அழைத்துப் போனான். பஸ் நகர்ந்ததும் அறைக்குத் திரும்பினேன். இரண்டு பேருக்கு நெருக்கமாக இருந்த அந்த அறை அன்று எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில்தான் ஊராட்சி வார்டு மெம்பர் வீட்டைத் தேடிப் போனேன். எங்கள் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால் துளசிமணி அக்காவை நிறுத்தி ஜெயிக்க வைத்திருந்தார்கள். ஆனால் ஊரில் மெம்பர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அவர் கணவர்தான். நான் போனபோதும் அவர்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சை அவரிடம் சொல்லத் தொடங்கினேன். மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எந்த ஊட்டுப் பொண்ணு கண்ணு நீயி?”

“லைன் வீடுக்கா. எங்க தடத்துல லைட்டு இல்ல. கூட இருந்த பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு.”

“அங்க லைட்டு இல்லீன்னு யாருமே சொல்லலியே.”

“எங்களுக்கு இங்க ஓட்டு இல்லக்கா. அதான் யாரும் கேக்கல.”

மனப்பாடம் செய்ததில் இது கிடையாது. தானாக வந்துவிட்டது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “நாளைக்குப் பொழுதோட பஸ் ஸ்டாப்புல நில்லு. நானு வர்றன்” என்றார்.

வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் வந்தார். டார்ச்சு கொண்டுவரவில்லை. எங்களோடு சேர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பக்கத்திலேயே தோட்டம் வைத்திருக்கிறவர், ஆனாலும் இரண்டு இடத்தில் தடுமாறினார். மேரி விழுந்த பள்ளத்தின் பக்கம் வந்ததும் நாங்கள் எல்லோரும் தானாகவே ஓரம் ஒதுங்கினோம். “இங்கதானுங்களா?” என்று கேட்டார். செருப்பு நுனியால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு நடந்தார். மெம்பரே கூட வருகிறாரே என்று நாங்களும் சூப்பர்வைசரைத் திட்டாமல் நல்ல பிள்ளைகளாக வந்தோம்.

அடுத்து வந்த மே தினத்துக்கு கம்பெனி லீவு. ஊராட்சியில் அன்று கிராமசபை. புதிதாகத் தெருவிளக்கு போட அனுமதி வந்திருந்தது, ஒரு தெருவுக்குத்தான் போதுமானது. கோயில் தெருவுக்கா, எங்கள் பாதைக்கா என்பதுதான் பேச்சு. கோயில் தெருவில் ஏற்கெனவே மங்கலாகச் சில விளக்குகள் இருந்தன. அங்கே குடியிருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அக்காவின் சொந்தக்காரர்கள். நாங்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றோம். தலைவர் அக்காவின் கணவரைப் பார்த்து, “என்னுங் மெம்பரே, கோயில் தெருன்னே எழுதிக்கலாமுங்களா?” என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து துளசிமணி அக்கா எழுந்தார். “மெம்பர் நானுங்க. அவரு எங்க ஊட்டுக்காரரு.”

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அக்கா காத்திருந்து, சிரிப்பு அடங்கியபின் சொன்னார்: “லைன் ஊட்டுத் தடத்துக்குப் போடோணுமுங்க.”

கிளார்க்கு குறுக்கிட்டார். “அவிங்களுக்கு இங்க ஓட்டே இல்லீங்களே. கிராமசபையில பேசவே அவிங்களுக்கு உரிமை கெடையாதுங்க.”

“அவிங்க பேச வேண்டாமுங்க. நான் பேசறன். அந்தப் பள்ளத்துக்கு ஓட்டிருக்கறவிங்க யாரு, இல்லாதவிங்க யாருன்னு தெரியுமுங்களா? நானே அதுல நடந்து பாத்தனுங்க. நம்மூட்டுப் புள்ளைகள அந்தத் தடத்துல அனுப்பமாட்டமுங்க. காடு தோட்டத்துல லைன் ஊடு கட்டி வாடகை மட்டும் வாங்கிக்கறமுங்க.”

வாடகை என்றதும் பந்தலில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மீதிப் பேருக்குக் கோபம். அக்காவின் கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்தான், “அவ சொல்றது நாயந்தானுங்க” என்று முனகினார். அந்த முனகலில் தீர்மானம் நிறைவேறியது. அக்கா என்னைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லு என்று சைகை காட்டினார். நான் “வணக்கம்” என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. என் பொதுவாழ்க்கை அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

விளக்குகள் வர ஆடி ஆகிவிட்டது. அதற்குள் மேரி திரும்பி வந்திருந்தாள், லேசாக விந்தி நடந்தாள். விளக்கு எரியப்போகிற அன்று நாங்கள் எல்லோரும் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தோம். தெருவிளக்குப் பொறுப்பையும் பார்க்கிற ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்காரர் சுவிட்சைப் போட்டதும் பாதை முழுக்க மஞ்சளாக விரிந்தது. பள்ளத்தை மூடியிருந்த மண் தெரிந்தது. துளசிமணி அக்கா ஒவ்வொரு கம்பத்தின் கீழும் இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். நாங்களும் பின்னால் நடந்தோம். ஒரு விஷயம் சொல்கிறேன், வேறு யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. அன்றைக்கு எங்களில் யாருக்குமே பேச்சு வரவில்லை. ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரிந்தது. யார் துப்பட்டாவையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாய்ப் பார்க்கிறவர்களைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளச் சொல்லி எங்களிடம் வந்து கேட்டிருந்தார். மாற்றினால் ரேஷன் கார்டும் மாறும், ஊரோடு இருக்கிற பிடி விட்டுப்போகும் என்று பலரும் பயந்தார்கள். நானும் இன்னும் சிலரும்தான் மாற்றினோம். கோயில் தெரு மொத்தமாக எதிர்ப்பக்கம் விழுந்தது. அதற்குப் பிறகு அக்கா எங்கள் பாதைப் பக்கமே வரவில்லை. சில வருடத்தில் ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. தரிசெல்லாம் கம்பெனி ஆனது. அக்கா குடும்பமும் காடு தோட்டத்தை விற்று உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிப் போய்விட்டது. மேரி ஊரில் கல்யாணம் முடிந்து அங்கேயே தங்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள். இப்போது அவள் நம்பரை அழுத்தினால் வேறு யாரோ எடுக்கிறார்கள். எனக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனது, பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. செக்கிங்கிலிருந்து சூப்பர்வைசர் ஆனேன். என்னையும் பெண்கள் திட்டியிருப்பார்கள், ஆனால் எந்தப் பாதையில் என்று தெரியாது. பழைய லைன் வீடுகளை இடித்த இடத்தில் இரண்டு அறை வீடு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

போன மாசியில் உடுமலை போய் அக்காவைப் பார்த்தேன். கணவர் காலமாகியிருந்தார். தோப்புக்கு அந்தப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டேன்.

“வெசனம் இல்லீன்னு சொன்னாப் பொய்யி கண்ணு. தோத்ததுக்குக்கூட இல்ல. கொழுந்தனாரு ஊட்டுக் கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிடவே இல்ல. அதுதான் எங்க ஊட்டுக்காரர அரிச்சுப்போடுச்சு.”

“எங்க தடத்துல லைட்டு போடாமலே விட்டிருக்கலாம்னு நெனச்சீங்களாக்கா?”

அரிவாளைக் கீழே வைத்தார். “நெனச்சன். பொறவு உங்க தடத்துல நடந்தது நெனப்பு வரும். உட்டுப்போடுவன்.” பிறகு, “இப்ப யார்கூட நடந்து வர்றே?” என்று கேட்டார்.

“யாருமில்லக்கா. கம்பெனி வண்டி வாசல்லயே எறக்கிவிட்டுரும்.”

“அப்பச் சரி” என்றார். சரி என்று அவர் முகம் சொல்லவில்லை.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். இன்று எங்கள் தெருவில் வெள்ளை விளக்குகள் பகல் மாதிரி எரிகின்றன. வடக்கிலிருந்து வந்த பெண்கள் காதில் வயரை மாட்டிக்கொண்டு தனித்தனியாக, பயமில்லாமல் நடந்து போகிறார்கள். அதற்குத்தானே நாங்கள் வெயிலில் நின்றோம். ஊராட்சி அலுவலகத்தை இடித்துவிட்டார்கள். எதுவானாலும் போனில் புகார் சொன்னால் போதும்.

சென்ற வாரம் என் வீட்டெதிரே ஒரு விளக்கு அணைந்துபோனது. போனில் பதிவுசெய்யப்பட்ட ஒரு குரல் எண்களை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் எரிகிறது. யார் வந்து சரிசெய்தார்கள், எப்போது வந்தார்கள், தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கதவு சாத்தியிருந்தது. எதிர் வீட்டில் டிவி ஓடியது. விளக்கு வந்துவிட்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசல் கேட் அருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.